இருபத்திரண்டு அங்குல மேசை

கட்டிலுக்கும் சன்னல் சுவருக்கும் நடுவில் இருந்தது இருபத்திரண்டு அங்குலம். தனேஸ்வரி மூன்று முறை அளந்து பார்த்துவிட்டாள். ஈஜோக் ஊரில் அவர்கள் வீட்டில் கதவை இறுகச் சாத்திக்கொள்ளக்கூடிய அறை அது ஒன்றுதான். இனி அவள் கணவன் இருசப்பன் நாளுக்கு நான்கு முறை அங்கே உட்கார்ந்து, வயிற்றில் பொருத்திய குழாய் வழியே மருந்துத் தண்ணீரை ஏற்றி இறக்கியாக வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு மருத்துவமனையில் காட்டிய வழி அது. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் வீடு அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

அறையைப் பார்க்க வந்த தாதி ஹிதாயா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கட்டிலோரம் வந்ததும் மட்டும் தயங்கி நின்றாள்.

“ஒரு சின்ன மேசை வேணும்ண்ணே. மேல வழவழன்னு இருக்கணும், ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கிற மாதிரி. கிளிப்பு, மாஸ்க் எல்லாம் தூசி படாம வைக்க ஒரு லாச்சியும் இருக்கட்டும். அடுத்த புதன்கிழமை வரேன். சரியா இருந்தா அன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

பக்கத்துப் பட்டணமான பத்தாங் பெர்ஜுந்தாயில் தனேஸ்வரி நான்கு கடை ஏறி இறங்கினாள். ஒடுக்கமான மேசைக்குத் தாதி சொன்ன லாச்சி, அதாவது இழுப்பறை, இல்லை. இழுப்பறை இருந்தது அந்த இடுக்கில் நுழையாது. அலுத்துப்போய் உதுமான் பாயின் சாப்பாட்டுக் கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தாள். கடையைப் புதுப்பிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய மேசைகளைப் பின்பக்கம் அடுக்கியிருந்தார்கள். செம்பனைக் குலை லோரி ஓட்டிய பத்தொன்பது வருஷமும் இருசப்பன் காலைப் பசியாறியது அந்தக் கடையில்தான்.

விஷயத்தைக் கேட்டதும் பாய் எழுந்து பின்னால் போனார். வழவழப்பான தகடு ஒட்டிய மேசையொன்றை இழுத்து வந்து, கடையில் வேலை செய்த தச்சர்களிடமே அளவு சொல்லி மேல்பலகையையும் கால்களையும் அறுக்கச் சொன்னார். மிச்சப் பலகைகளையும் கட்டி வேனில் ஏற்றினார்.

“பாய், இது எப்படி...”

“அவரு ஒக்காந்து சாப்பிட்ட மேசைதான் தங்கச்சி. பேசாம வண்டியில ஏறு.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கார் நிறுத்தும் இடத்தில் வேலை நடந்தது. தனேஸ்வரி செம்பனை ஆலையில் லோரிகளை எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணி. ரம்பத்தை அதற்கு முன் தொட்டதில்லை. கைப்பேசியில் ஒரு மலாய்க்காரப் பெண் மேசை செய்யும் காணொளியை ஓடவிட்டு, நிறுத்தி, அறுத்து, மறுபடி ஓடவிட்டாள். இருசப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டயரைத் தனியாகக் கழற்றி மாட்டிய கைக்கு இப்போது பாரம் தூக்கக்கூடாது என்று உத்தரவு. சும்மா இருந்த கைக்கும் சேர்த்து வாய் பேசியது.

“கோணலாப் போவுது பாரு.”

“பாக்குறேங்க.”

ஞாயிறு மத்தியானம் மேசை நான்கு காலில் ஆடாமல் நின்றது. சாயங்காலம் இழுப்பறையை உள்ளே தள்ளினாள். பாதி போய்ச் சிக்கிக்கொண்டது. பலமாக இழுத்ததில் முன்பலகை மட்டும் கையோடு வந்தது.

“கடையில சொல்லிச் செஞ்சிருக்கலாம் லா,” என்றான் இருசப்பன்.

அவள் பலகையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

இருசப்பன் எழுந்தான். அளவு நாடாவை எடுத்து, மேசையில் இழுப்பறை நுழையும் வாயை அளந்தான். பதினான்கு அங்குலம். இழுப்பறையை அளந்தான். அதுவும் பதினான்கு. ஒரு மயிரிழை இடைவெளிகூட விடாமல் அவ்வளவு சரியாகச் செய்திருக்கிறாள். தப்பு அதுதான்.

திங்களும் செவ்வாயும் காலையில் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போய் வந்து, அவள் ஆலையில் இருந்த மத்தியான வேளையில் அவன் அந்த வேலையைப் பார்த்தான். முன்பலகையை மரப்பசை வைத்துத் திருகாணியால் முடுக்கினான். மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றி இழுப்பறையின் இரண்டு பக்கத்தையும் தேய்த்தான். கால் மணி தேய்த்தால் அரை மணி படுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு மெழுகுவத்தித் துண்டை ஓரமெல்லாம் தடவி உள்ளே தள்ளினான். ஒரு விரலால் தள்ளியதற்கே போய் உட்கார்ந்தது.

செவ்வாய் சாயங்காலம் தனேஸ்வரி வந்து கைப்பையைக்கூட இறக்காமல் அதை இழுத்தாள், தள்ளினாள். வேண்டாத வேலையாக இன்னும் நாலைந்து தடவை இழுத்துத் தள்ளினாள்.

“குனிஞ்சு வேலை செஞ்சீங்களா? நாளைக்கு வர்ற மிஸி திட்டப் போறாங்க,” என்று சொல்லி, தோல் உரிந்த அவன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை ஹிதாயா மேசையின் அடிப்பக்கம்வரை விரலை ஓட்டிப் பார்த்தாள். “எந்தக் கடைண்ணே இது?”

“என் சம்சாரம் செஞ்சது.”

“லாச்சி அவரு,” என்றாள் தனேஸ்வரி.

“இல்ல மிஸி, அதுவும் அவதான். நான் தேச்சேன், அவ்ளோதான்.”

அன்று தாதி பக்கத்தில் நிற்க முதல் மருந்துத் தண்ணீர்ப் பையை மாற்றினான். மறுநாள் காலையில் தனியாக. கதவைச் சாத்தி, மாஸ்க் போட்டு, கை கழுவி, மேசையைத் துடைத்து, இழுப்பறையிலிருந்து கிளிப்பை எடுத்தான். குழாயை இணைத்ததும் வயிற்றில் கிடந்த பழைய தண்ணீர் மெல்லக் கீழே காலிப் பைக்குள் இறங்கத் தொடங்கியது. இனி இருபது நிமிஷம் சும்மா உட்கார வேண்டும்.

“தனேசு.”

“இங்கதாங்க நிக்கிறேன்,” என்று கதவுக்கு வெளியே குரல்.

“பாய்க்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மிஸிகிட்டயும் சொல்லிட்டேன். ஒன்கிட்டதான் சொல்லல.”

“என்ன சொல்லல?”

இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் சொல்லிப் பழகாத சொல். முகம் பார்த்திருந்தால் வாயில் வந்திருக்காது. “தேங்ஸ்,” என்றான்.

“தண்ணி ஒழுங்கா எறங்குதா?” என்று கேட்டாள்.

“எறங்குது.”

“கலங்கல் இல்லாம தெளிவா இருக்கா?”

“கண்ணாடி மாதிரி இருக்கு.”

“அப்ப சரி.” கொஞ்ச நேரம் கழித்து, “மிச்சப் பலகை கெடக்குதுங்க. மருந்துப் பெட்டி அடுக்க ஒரு தட்டு அடிக்கலாமா, ஞாயித்துக்கெழம?” என்றாள்.

“அடிக்கலாம். அளவ நான் எடுக்குறேன்.”

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். இருசப்பன் மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டே பையைப் பார்த்தான். பாதி நிறைந்திருந்தது.