பெரியம்மாள் காதுக்கு எட்டும் பெட்டி

நான் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. நடந்ததை நடந்த அளவுக்கே சொன்னால் கேட்கிறவருக்கு மரியாதையாக இராதே என்று கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்துத் தென்னையில் ஏறியவன் இறங்கி வருவதற்குள் அவன் கட்டியிருந்த புது வேட்டி பழையதாகிவிட்டது. வாளையார்க் கணவாய்க் காற்றடிக்கிற காலத்தில் நான் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் தும்ம, கோயமுத்தூரில் யாரோ 'நூறு' என்று வாழ்த்தினார்கள். இவையெல்லாம் கூட்டல் கணக்கு.

கூட்டியதைக் கழிப்பதற்கு வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தாள். என் மனைவி பெரியம்மாள். நான் முன்வாசலில் வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் சமையலறையில் முதுகைக் காட்டியபடியே குரல் கொடுப்பாள்.

"நேத்து மலைப்பாம்பு வேலியோரமாப் படுத்திருந்துச்சுன்னீங்க. இன்னிக்கு வேலியே அதுதாங்கறீங்க. எதுன்னு ஒரு முடிவுக்கு வாங்க."

வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் பாம்பைக் கொஞ்சம் குட்டையாக்குவேன். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பகுதி இதுதான்.

பிறகு அவளுக்குக் காது மந்தமானது. ஒரே நாளில் அல்ல. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, அப்புறம் கொலுசுச் சத்தம், அப்புறம் பேச்சு. கேட்கவில்லை என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நான் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள்.

"அம்மிணி, நம்ம கெணத்துல திமிங்கலம் ஒண்ணு மொதக்குது."

"ஆமாங்க."

"இன்னிக்கு விடியால நான் செத்துப்போயிட்டேன், தெரியுமா?"

"ஆமாங்க. சித்தெ இருங்க, சோத்த வடிச்சுட்டு வர்றேன்."

மறுத்துப் பேச ஆள் இல்லாமல் எனக்குப் பொய் வருவதே நின்றுவிட்டது. ஒரு வாரம் முழுக்க உண்மையாகவே பேசிப் பார்த்தேன். உடம்பு இளைத்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே தட்டத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்காக ஏங்க வேண்டி வரும் என்று யார் நினைத்தார்கள்?

மகள் செல்வப்பிரியா பாலக்காட்டுக்குக் கூட்டிப்போய்க் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். பெரியம்மாள் அதை இரண்டு நாள் மாட்டினாள். "காதுக்குள்ள எவளோ ஒருத்தி ஈயப் பாத்திரம் தேச்சுட்டே இருக்கறா" என்று கழற்றிப் புளிச் சாடியில் போட்டுவிட்டாள். கடையில் வாங்கிய சாமான் எதற்கும் அவளிடம் மதிப்பில்லை. தோட்டத்தில் விளைந்தது, வீட்டில் செய்தது, இரண்டுக்கும்தான் மதிப்பு.

பக்கத்துத் தோட்டத்துக் காளிச்சாமி மைக் செட் வைத்திருக்கிறான். என்னை மாமா என்பான்.

"ஏனுங் மாமா, ஒரு வார்த்த சொன்னாக் கூம்பு ரெண்டக் கட்டி உட்டர்றேன். அத்தைக்கு மட்டுமில்லீங், ஆனமலைக்கே கேக்கும்."

"ஆனமலைக்கு நான் ஏற்கெனவே சொல்லியாச்சு மாப்ளே. ஊட்டுக்குள்ள கேக்கோணும்."

அப்போதுதான் நானே ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டுவது என்று முடிவு செய்தேன். என் நாற்காலியருகே மைக், நடுவே பெட்டி, சமையலறை வாசலில் ஸ்பீக்கர். அதற்குமுன் நான் கட்டிய மின்சாதனம் எதுவும் கிடையாது. கார்த்திகைக்குச் சீரியல் விளக்கு தொங்கவிட்டதைக் கணக்கில் சேர்த்தால் ஒன்று. செல்போனில் வீடியோ பார்த்து, டிரான்சிஸ்டர் வைத்த ஆம்ப்தான் முதல்முறை கட்டுகிறவனுக்குத் தோது என்று தெரிந்துகொண்டேன். வால்வு வைத்ததில் கை பட்டால் ஆளையே தூக்கி எறியுமாம். என்னை எறிந்துவிட்டால் கதை யார் சொல்வது?

பவர் டிரான்சிஸ்டர்களை வீட்டிலிருந்தே தருவித்தேன். தபாலில் வந்தன, பளபளவென்று, மூக்குத்தி வைக்கிற டப்பாபோல ஒரு டப்பாவில். சந்தேகத்துக்கு எடுத்துக்கொண்டு பாலக்காட்டில் ஷைஜுவின் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். அவன் ஒன்றைக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, ரம்பத்தை எடுத்தான். தலைத் தகடு கழன்று விழுந்தது. உள்ளே கடுகளவு ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தினசாமியேட்டா, இது டூப்ளிகேட் கேட்டோ. அசல்ல உள்ள சில்லு நகத்தளவு இருக்கும். இதுக்குக் கரண்ட் குடுத்தா கோயில்ல வெக்கிற வெடி வழிபாடுதான்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் ஒரு பொய்யைப் பார்த்து எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சரி, அசலாக் குடு."

"எத்தர வாட் வேணும் ஏட்டா?"

"ஒரு பொய் கேக்கற அளவுக்கு."

ஷைஜு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அது புஸ்தகத்தில இல்லல்லோ. ஆருக்காக்கும்?"

சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பழைய டப்பா ஒன்றிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, மீட்டரில் வைத்துப் பார்த்து, மைக்கா தகடும் பசையும் சேர்த்துப் பொட்டலம் கட்டினான். டிரான்ஸ்பார்மரும், சூடு தணிக்கிற அலுமினியக் கட்டையும் தன்னிடம் நல்லதாக இல்லை என்றான். ஷைஜுவைப்போல் ஒரு கடைக்காரன் தன்னிடம் இல்லை என்று சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். இதில் கூட்டல் இல்லை.

மீதிக்குப் பீர்மேட்டுக்குப் போனேன். எங்கள் தேங்காய் லாரியில் கிளீனராக இருந்த பாண்டீஸ்வரன் அங்கே எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் குடியிருந்துகொண்டு டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். ஜீப்பில் இருக்கிற பாட்டுப்பெட்டி அவனே கட்டியது. அது பாடினால் தேயிலைக் கொழுந்து ஒரு நாள் முந்தித் துளிர்க்கும் என்று கங்காணிகள் அவனுக்குக் காப்பி வாங்கித் தருவார்கள். பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினால் ஒரே மேகம். என் கையை நீட்டினால் கை தெரியவில்லை. பின்னால் வந்த யாரோ அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பாண்டீஸ்வரன் கட்டிலுக்கடியிலிருந்து டிரான்ஸ்பார்மரை இழுத்தான். அம்மிக்கல் கனம்.

"இதுக்கா அண்ணாச்சி இம்புட்டுத் தூரம் வந்தீக? போன்ல சொன்னா ஏலக்கா லாரியில ஏத்தி விட்ருப்பேன்ல."

"ஏலக்கா வாசம் புடிச்சா உன்ர மதினி இது கடைச் சாமான்னு கண்டுபுடிச்சுருவா."

"மதினிக்கு இன்னுமா கேக்கல?" என்றான். அப்புறம் பேச்சை மாற்றாமல், "எங்க அய்யாவுக்கும் அப்படித்தான் ஆச்சு. ஃபேக்டரி மிஷின்கிட்டயே நின்னு போன காது. நாங்க பேசுறத நிப்பாட்டிட்டோம், அண்ணாச்சி. அதான் தப்பாப் போச்சு" என்றான்.

ஒரு காகிதத்தில் ஒயர் போகிற வழியை வரைந்து கொடுத்தான். எர்த் ஒயர்கள் எல்லாம் பெட்டிக்குள் ஒரே ஆணியில் வந்து சேர்ந்தன.

திரும்பி வருகிற பஸ்ஸில் டிரான்ஸ்பார்மரை மடியில் வைத்துக்கொண்டு, மைக்கில் முதலில் எதைச் சொல்வது என்று யோசித்தேன். பீர்மேட்டு மேகத்தைத்தான் சொல்வது. லயத்துக்காரர்கள் பேசினால் பேச்சு மேகத்தில் சிக்கிக்கொள்ளும். வெயில் வந்து மேகம் உருகும்போதுதான் எல்லார் பேச்சும் ஒன்றாகக் கேட்கும். அதில் ஒரு கல்யாணமே நின்று போயிற்று என்று கம்பம் வருவதற்குள் கட்டி முடித்தேன். மாப்பிள்ளையை ஓரிடத்தில் மூத்தவன் என்றும் இன்னோரிடத்தில் இளையவன் என்றும் சொல்லி ஓர் ஓட்டையும் விட்டு வைத்தேன். அவள் கைவைக்க ஓர் இடம் வேண்டாமா? "மூத்தவனா, எளையவனா? ஒண்ணச் சொல்லுங்க" என்று அவள் கேட்கிற குரலை உடுமலை வரையில் கேட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடினார். தூசி என்று நினைத்திருப்பார்.

பெட்டியை நானே கட்டினேன். விரல் சுட்டது, ஈயம் வேட்டியில் சொட்டியது, அதெல்லாம் இருக்கட்டும். எர்த் விஷயத்துக்கு வந்தபோதுதான் பாண்டீஸ்வரனின் படம் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிறவன் எர்த்தில் கஞ்சத்தனம் பண்ணமாட்டான். போர் மோட்டாருக்கு ஒன்று, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் குழி தோண்டி, தேங்காய்த் தொட்டிக்கரியும் கல்லுப்பும் போட்டு, கோடையில் மாட்டுக்கு வைக்கிறதுபோல் அதற்கும் தண்ணீர் ஊற்றுவோம். பீர்மேட்டில் மண் முழுக்கச் சரிவு, பாவம், குழிக்கு இடமில்லாமல் ஒரே ஆணியில் கட்டியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். டிரான்ஸ்பார்மருக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என்று வீட்டைச் சுற்றிக் குழி தோண்டிக் கம்பி இறக்கினேன். பெரியம்மாள் பார்த்துவிட்டு வாழைக்கன்று வைக்கிறேன் என்று எண்ணி ஒரு குழியில் சாணத்தைக் கொட்டினாள். அதையும் விட்டுவிட்டேன், கெடுதல் இல்லை.

ஒரு நாள் காலைப் பலகாரம் ஆனபிறகு காளிச்சாமி ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். சமையலறை வாசலில் வைத்தோம். பெரியம்மாள் உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்டேன். வெடிக்கவில்லை. பெட்டிக்குள் பெரிய வண்டொன்று குடிவந்ததுபோல ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் எழுந்து நின்றது.

"மாமா, எர்த்துல எங்கியோ தப்புங்க," என்றான் காளிச்சாமி.

"இரு மாப்ளே," என்று மைக்கைப் பிடித்தேன்.

மேகத்தில் ஆரம்பித்தேன். என் குரல் வீடு முழுக்கப் பெரிதாகப் போயிற்று. தொழுவத்தில் மாடு எழுந்து நின்றது. ரோட்டில் பால் கேனோடு போனவர் வண்டியை நிறுத்திவிட்டு வேலிமேல் கையூன்றிக் கேட்டார். காளிச்சாமி ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாப்பிள்ளை மூத்தவன் என்றேன். இரண்டு வாக்கியம் தள்ளி இளையவன் என்றேன். அங்கே நிறுத்தினேன்.

பெரியம்மாள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் பார்க்கிறேன் என்று மட்டும் எப்படியோ தெரிந்து, திரும்பி, இலேசாகச் சிரித்தாள்.

"ஆமாங்க," என்றாள்.

பால்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். காளிச்சாமி சிரிப்பை நிறுத்திவிட்டு, "சத்தம் போவுதுங் மாமா. சொல்லோட எழுத்துத்தான் பிரிஞ்சு போவலீங்" என்று மெல்லச் சொன்னான். நான் மைக்கைக் கீழே வைத்தேன். சொல்வதற்கு என்னிடம் உண்மைகூட இல்லை. பெட்டி மட்டும் ம்ம்ம் என்று நின்றது.

கொஞ்ச நேரம் போயிற்று. பெரியம்மாள் கீரைக் காம்பைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"ஏனுங்க, மோட்டாரு ஓடுதே. நிறுத்தலீங்களா?"

வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ரூம் இருக்கிறது. காலையிலேயே நிறுத்தியாயிற்று. இல்லை என்று கையை ஆட்டிக் காட்டினேன்.

"பொய்யி! ஓடுது. எனக்குக் கேக்குதில்ல?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். சொன்னது சத்தியம், அவள் மறுத்தாள்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் இறங்கிப் போனாள். நானும் பின்னால் போனேன். மோட்டார்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்திருக்கும். என்னைப் பார்த்தாள், ஸ்டார்ட்டரைப் பார்த்தாள். "இங்க வந்தாச் சத்தத்தக் காணமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள். சமையலறைப் படியில் கால் வைத்ததும் மறுபடி நின்றாள். இருட்டில் எலி தேடுகிறவள்போல அடி அடியாக நடந்து ஸ்பீக்கர் முன்னால் வந்து சேர்ந்தாள். குனிந்து காதை வைத்தாள்.

காளிச்சாமி அதற்குள் கட்டிங் பிளேயரோடு ஒயர்களைத் தடவிக்கொண்டு வந்துவிட்டான். "ஊரு முச்சூடும் எர்த்துக் குடுத்திருக்கறீங்களே மாமா! ரெண்ட வெட்டுனா எரைச்சல் போயிரும்."

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். "அதத் தொட்டீன்னா உன்ர கூம்பு அத்தனையும் கெணத்துல கெடக்கும்."

"ரிப்பேருங்க மாமா அது!"

"இருக்கட்டும்."

பெரியம்மாள் நிமிர்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், என் விரலில் இருந்த சூட்டுக் கொப்புளத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"பீர்மேட்டு மேகம்," என்றேன். "பெட்டிக்குள்ள அடச்சுக் கொண்டாந்தேன். வெளிய உடச் சொல்லி மொனகுது."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஆமாங்கவுக்காகக் காத்திருந்தேன்; அது வந்தால் தாங்கிக்கொள்ள வேண்டுமே என்று காலை ஊன்றிக்கொண்டுகூட நின்றேன்.

"கேக்கலீங்க," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். "மறுக்காச் சொல்லுங்க."

காளிச்சாமியை வீட்டுக்குப் போகச் சொன்னேன். அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, மறுக்காச் சொன்னேன். முதல்முறை சொன்னபோது மேகம் ஒன்றுதான். இந்தமுறை அதற்கு ஒரு குட்டியும் இருந்தது.