முந்திக்கொண்ட அடி

சீனாக்காரன் அணுகுண்டு வெடித்துவிட்டான் என்ற சேதி பேப்பரில் வந்த அன்று, தாராவித் தோல் ஷாப்பின் சாப்பாட்டு நேரம் யுத்த ஆலோசனையாக மாறிவிட்டது. டில்லியில் இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் முழங்கால் வரை நிற்கிறவனுக்குத்தானே எல்லாம் தெரியும்!

இசக்கிமுத்துவுக்கு மட்டும் அது விளையாட்டுப் பேச்சில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய சீனாச் சண்டையில், பட்டாளத்தில் இருந்த அவன் தம்பி பிச்சை எல்லைப் பனியில் செத்துப்போனான். உடம்புகூட ஊர் வந்து சேரவில்லை. அதனால் ஒரே பிடியாய் நின்றான். இன்றைக்கு ஒன்று வைத்திருக்கிறவன் நாளைக்கு நூறு செய்வான். அதற்குள் ப்ளேனை அனுப்பி அந்த இடத்தையே தரைமட்டமாக்க வேண்டும். அவன் கை ஓங்கும்வரை காத்திருக்கிறவன் மடையன்.

அவன் தங்கை கனகவள்ளியின் புருஷன் தங்கசாமியும் அதே ஷாப்பில்தான் தோல் சீவினான். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. போடுகிற குண்டில் ஒன்று குறி தப்பினால் என்ன ஆகும் என்று கேட்டான். பாதி அடிபட்டவன் எதற்கும் துணிந்துவிடுவான், மிச்சம் வைத்திருப்பதை நம் தலையில்தான் போடுவான் என்றான். நம்மிடமும் ஒன்று இருந்தால் போதும், பயந்து கிடப்பான் என்றான். சுற்றியிருந்தவர்கள் அதற்குத் தலையாட்டவும் இசக்கிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒனக்கென்ன மாப்ள, செத்தது ஒன் தம்பியா?"

தங்கசாமி அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"ஒன்னய மாதிரி ஆளுக அடி, அடின்னு கூவித்தான மச்சான், அந்தப் பயலப் பனிக்குள்ள தள்ளுனாக."

சொன்னது அவனுக்கே உறைத்துவிட்டது. முகம் சுருங்கிப் போய், தோல் சீவுகிற பலகைப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். பலகையில் சீவுகத்தி கிடந்தது. இசக்கிமுத்து கத்தியை மட்டும்தான் பார்த்தான். குழியிலிருந்து தோலை இழுக்கிற இரும்புக் கொக்கிக் கம்பை எடுத்து ஒரே வீச்சாக வீசினான். தங்கசாமியின் தாடை கிழிந்து, பல்லும் ரத்தமும் தரையில் சிதறின.

தங்கசாமி எடுக்கப்போனது கத்தியை அல்ல, அதன் பக்கத்தில் கிடந்த துண்டை. பேச்சை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகப் பார்த்திருக்கிறான். அவன் கையில் துண்டைக் கண்டதும் இசக்கிமுத்து ஓங்கிய கம்பைத் தாழ்த்தினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தங்கசாமி முழங்காலை ஊன்றி எழுந்து அவனைப் பார்த்தான். அந்தக் கண்ணைப் பார்த்ததும், இனி இவன் நம்மை விடமாட்டான், பாதி அடிபட்டவன் என்று இசக்கிமுத்துவின் மனசு சொல்லிற்று. கம்பு மறுபடி இறங்கியது. அதற்கப்புறமும் இறங்கியது. இழுத்துப் பிடித்தவர்களை உதறிவிட்டு, மண்டை நொறுங்குகிற சத்தம் கேட்டும் அடித்தான், பாவி.

கூட வேலை பார்க்கும் வெயிலுமுத்து ஓடிப்போய்க் கனகவள்ளியைக் கூட்டி வந்தான். உயிரில்லாத புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் முந்திருவான்னு நெனச்சேன் தாயி" என்றான்.

"இத்தன வருசத்துல அவுக ஒன்னய ஒரு தடவ கை நீட்டிருக்காகளாண்ணே?"

 இசக்கிமுத்து அவளைத் தூக்கிவிட ஓர் அடி முன்னால் வைத்தான். கனகவள்ளி செத்தவனை இழுத்து அணைத்துக்கொண்டு, தரையிலேயே பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதண்ணே. மொதல்ல அந்தக் கம்பக் கீழ போடு."