டென்சிலின் ஆறு அணில்கள்

அணிலின் வாலை மிதித்துக்கொண்டு பின்னங்கால்களைப் பிடித்து ஒரே இழுப்பு; சட்டையைக் கழற்றுவதுபோல் தோல் வந்துவிடும். இவனுக்கு அது தெரியாது. தெரியாததை மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்தவன்போல் நிற்கிறானே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

என் கொழுந்தன் டென்சில் சமையலறை மேசையில் ஆறு அணில்களைக் கொட்டியபோது என் மனதில் ஓடியது இதுதான். கென்டக்கி மலையை விட்டு ஓஹியோ போய் இருபது வருடம் ஆகிறது. ஆகஸ்டில் அணில் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை மட்டும் இலைப் படம் போட்ட புது வேட்டைச் சட்டையோடு வந்து நிற்பான். இந்த வருடச் சட்டையின் காலரில் விலைச்சீட்டு தொங்கிய நூல் இன்னும் இருந்தது.

"எப்படி அண்ணி? ஏழு மணிக்குள்ள ஆறு!"

மணி அப்போது ஒன்று. நான் ஓர் அணிலைப் புரட்டினேன். வயிறு உப்பியிருந்தது. குடல் எடுக்கவில்லை. உடம்பெல்லாம் சிறு குண்டுகள் துளைத்திருந்தன. கதவைத் தட்டாமல் உள்ளே வரும் உறவினரைப்போல நாற்றம் வந்தது.

"ஏழு மணியிலேர்ந்து இதெல்லாம் எங்க இருந்துச்சு?"

"கார் டிக்கிலதான். முக்குக் கடையில எல்லாரும் பாக்கணும்னாங்க."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பின்ன? ரெண்டு பேரு போட்டோவே எடுத்தாங்க."

ஆகஸ்ட் வெயிலில், பூட்டிய டிக்கியில், ஆறு மணி நேரம். எங்கள் மலையில் ஐந்து வயதுப் பிள்ளைகூட அணிலைச் சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கீறி ஓடைத் தண்ணீரில் போடும். இவன் ஊர்வலம் நடத்தியிருக்கிறான்.

"தூக்கிப் போடு," என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. அஞ்சு மணிக்கு அவனுடைய முதலாளி விட்லோ வருகிறாராம். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் இடம் காலியாக இருக்கிறது. 'நானே தலையில குறிவெச்சு சுட்ட அணில், எங்க வீட்டுக் குழம்பு' என்று வசந்தத்திலேயே சொல்லி வைத்திருக்கிறான். மனிதர் அதற்காகவே நான்கு மணி நேரம் காரோட்டி வருகிறார்.

"வினிகர்ல ஊறப்போட்டா சரியாகாதா அண்ணி?"

"உன் முதலாளி சாகறதுக்கும் சேத்து ஊறப்போடட்டுமா?"

என் கணவர் ஹோபர்ட் ஜன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வம்பு வந்தால் கோப்பைக்குள் இறங்கிவிடுவது அவர் வழக்கம். இப்போது கோப்பைக்குள்ளிருந்தே சொன்னார்: "மிளகு தூக்கலா போட்டா தெரியாது, ஆர்ஃபா."

அவருக்கு முட்டி போய், வேட்டைக்குப் போவது நின்று ஒன்பது வருடம். கொல்லைக் கொட்டகைக் கதவில் ஆணியடித்த அணில் வால்கள் மட்டும் வருடாவருடம் கூடிக்கொண்டே போகின்றன. தேவாலய விருந்தில், "ஹோபர்ட், இந்த வருசமும் குறி தப்பல போல" என்பார்கள். அவர் அடக்கமாகச் சிரிப்பார். அந்த அடக்கம்தான் எனக்குத் தாங்காது. பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது சிரமப்பட வேண்டாமா? பக்கத்தில் நானும் சிரித்தேன். அதை அன்பு என்று வெகுநாள் நினைத்திருந்தேன். சோம்பல்தான். வீட்டில் ஒரு சண்டை போடுவதைவிடப் பெயரை விட்டுக்கொடுப்பது சுலபமாக இருந்தது.

குளிர்பெட்டியில் தண்ணீர் எடுக்கப்போன டென்சில் அங்கே உப்புத்தண்ணீரில் கிடந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டான். நான்கு அணில்கள். அன்று விடியும்போது மேட்டு ஹிக்கரி மரத்தடியில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மேலே அவை கொறிக்கும் கொட்டையின் தூள் என் தலையில் மழையாக விழ, ஒவ்வொன்றாகச் சுட்டேன். நான்கும் தலையில். சதையில் ஒரு கீறல் இல்லை.

"அடேங்கப்பா! யாரு சுட்டது, அண்ணனா?"

ஹோபர்ட் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

"நான்," என்றேன்.

டென்சில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு மெதுவாக நின்றது. உடனே அவன் கண்ணில் வேறொரு கணக்கு ஓடியதையும் பார்த்தேன்.

"அப்ப பிரச்சினையே இல்லையே! இதையே வெச்சிருவோம். நான் சுட்டதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் அண்ணி. நான் சொன்னா பெருமையடிக்கறேன்னு நெனப்பாரு. நீங்க சொன்னா நம்புவாரு."

"சொல்லிட்டுப் போயேன் ஆர்ஃபா," என்றார் ஹோபர்ட். "உனக்கு என்ன குறைஞ்சிடப்போகுது? அவன் பொழப்பு."

என்ன குறைந்துவிடும் என்று உண்மையிலேயே யோசித்தேன். அணில் குறையாது. குழம்பு குறையாது. ஒன்பது வருடமாக எதுவுமே குறையவில்லை. அதனால்தான் இவ்வளவு எளிதாகக் கேட்கிறார்கள். கிணற்றடியில் தண்ணீர் கேட்பதுபோல.

மாவை எடுத்து மோர் ஊற்றி ரொட்டிக்குப் பிசையத் தொடங்கினேன். இருவர் முகமும் தெளிந்தது. டென்சில் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"சமைக்கிறேன்," என்றேன். "விருந்தாளி பசியோட திரும்பக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிடட்டும்."

"அண்ணின்னா அண்ணிதான்!"

"ஆனா நீ சுட்டதுன்னு சொல்ல மாட்டேன், டென்சில்."

ஹோபர்ட்டின் கோப்பை மேசையில் சத்தமாக அமர்ந்தது. நான் மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைந்தேன்.

"உன் அண்ணன் சுட்டதுன்னும் சொல்ல மாட்டேன்."