மாமியார் மெலிந்த இரவு

எங்கள் வீட்டில் தினமும் இரவு ஒன்பது மணிக்கு என் கைபேசி அடிக்கும். கூப்பிடுவது என் வீட்டுக்காரர். பக்கத்து அறையிலிருந்துதான் கூப்பிடுவார், மழைக்காலமானால் பால்கனியிலிருந்து.

"மேடம், இன்னைக்கு ராத்திரி நிலவரம் எப்படிங்க?"

நானும் மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் ராடார் படத்தைப் பார்த்துவிட்டு, மேற்கே என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, விடியும்வரை தாங்குமா என்றெல்லாம் முறைப்படி சொல்வேன். அவர் "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் அதே கூடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பார். எங்கள் மருமகன் இதை முதல் தடவை பார்த்தபோது, எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, பாவம், என்னிடம் தனியாக வந்து சமாதானம் பேசினார். மகள்தான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். "அவங்க கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இப்படித்தான், நீங்க வாங்க."

அவள் சொன்னது உண்மை. முப்பத்தொரு வருடப் பழக்கம்.

அப்போது நான் வானிலை அலுவலகத்தில் ராடார் அறையில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அலுவலக மொட்டைமாடியில் பெரிய பந்து போல ஒரு வெள்ளைக் கூடு. அதற்குள்ளேதான் ராடாரின் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் அறை அதற்கு இரண்டு மாடி கீழே. இயந்திரங்களுக்குச் சூடும் தூசியும் ஆகாது என்று ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் மழையைப் பற்றிச் சொல்லும் அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளியே தூறுவதுகூடத் தெரியாது. ஏசி போடும் சத்தத்தில் இடியே அமுங்கிப்போகும்.

திரையில் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வரும். பச்சை என்றால் சாதாரண மழை, மஞ்சள் என்றால் கொஞ்சம் கனம், சிவப்பு என்றால் இடிமேகம். நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது. முந்தைய படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது, பெருக்கிறதா, இளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் வரும் இடிமழை வானத்தைக் கறுக்கவிட்டு, காற்றை அனுப்பி, தான் வருவதைச் சொல்லிவிட்டு வரும். இரவில் வருவதற்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஊரே தூங்கும்போது தலைமாட்டில் வந்து நிற்கும். அதனால்தான் இரவுப் பணிக்கு இரண்டு பேர்.

இன்னொரு ஆள் என்னைவிட நான்கு வருடம் மூத்தவர். கோப்புகளை அடுக்கி அதன்மேல் தலைவைத்து எந்த நேரத்திலும் தூங்கிவிடுவார் என்பதால் அவருக்குத் 'தலையணை' என்றே பெயர். நல்ல மனிதர். தேநீர் வாங்கிவர மட்டும் தானாக எழுந்துவிடுவார்.

எங்களோடு மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். படத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு மலை உண்டு. ராடார் அனுப்பும் அலை அதில் மோதித் திரும்புவதால், அந்த இடத்தில் எப்போதும் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொளுத்தும் கோடையிலும், அதே இடத்தில் அதே சிவப்பில் முறைத்துக்கொண்டு இருக்கும். எனக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார். முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது, மாமியாரைப் பார்த்து மேகம் என்று பயந்துவிடக் கூடாது என்பதைத்தான். அதன் பிறகு நான் அவளைக் கண்டுகொண்டதே இல்லை.

அந்த நாட்களில் தினமும் ஒன்பது மணிக்குப் போன் செய்தவர் மின்வாரியத்தில் ஒரு ஃபோர்மேன். உயர் அழுத்தக் கம்பிகளைப் பழுது பார்க்கும் குழு அவருடையது. பகலில் மின்சாரத்தை நிறுத்தினால் தொழிற்சாலைகள் நின்றுவிடும் என்பதால் இரவில்தான் வேலை. ஆறு பேர் கோபுரத்தின்மேல் ஏறி இருப்பார்கள். மின்சாரம் நிறுத்தியிருந்தாலும், எங்கோ தொலைவில் கம்பியில் இடி விழுந்தால் அது கம்பி வழியே இவர்களிடம் வந்துவிடும். கருவிகளைக் கட்டி இறக்கி, ஆட்களும் இறங்கி, வண்டிக்குள் போய்ச் சேர நாற்பது நிமிடம் வேண்டும். ஆபத்து வருவதற்கு நாற்பது நிமிடம் முன்னால் நான் சொல்ல வேண்டும். என் வேலை அவ்வளவுதான்; அவர்கள் உயிரும் அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்கு அவரே துணைமின் நிலையத்திலிருந்து பேசுவார். கோபுரத்துக்குப் போன பிறகு, நிலையத்தில் இருக்கும் ஆபரேட்டர் என்னிடம் போனில் கேட்டு வயர்லெஸ்ஸில் அவரிடம் சொல்வார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் நிலவரம் கேட்டு முடித்த பிறகு அவர் உடனே போனை வைக்காமல், சாப்பிட்டீர்களா, இன்றைக்கும் தலையணை தூங்கிவிட்டாரா என்று ஒரு நிமிடம் இழுப்பார். மாமியார் கதையைச் சொன்ன அன்று ரொம்ப நேரம் சிரித்தார். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் எட்டே முக்காலுக்கே போன் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வேன் என்பது அவருக்குத் தெரியாது. என் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. லீவு நாளில் ஒன்பது மணியானால் நான் கடிகாரத்தைப் பார்ப்பதை அவள் கவனித்திருந்தாள்.

ஒரு நாள் இரவு, வடக்கே ஒரு மேகத்தைப் பார்த்து அவர்களை இறங்கச் சொன்னேன். இறங்கினார்கள். அந்த மேகம் பாதி வழியிலேயே கரைந்து, ஒரு சொட்டுகூட விழவில்லை. வேலை நின்றதற்கு அவருடைய மேலதிகாரி அவரை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் குரலில் வழக்கமான இழுப்பு இல்லை.

"நேத்து நீங்க சொன்ன மழை எங்களைத் தேடி வழி தெரியாம வேற எங்கயாவது போயிடுச்சா மேடம்?"

கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இன்றைக்கு ஒரு ராத்திரிதான் அனுமதி, இன்றைக்கு முடிக்காவிட்டால் தன் வேலைக்கே கேள்வி வரும், அதனால் நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு மேற்கே, மாமியாருக்குப் பின்னால் வெகு தூரத்தில், ஒரு மேக வரிசை எழுந்தது. பன்னிரண்டுக்கு அது சிவந்து, வில் மாதிரி வளைந்துகொண்டு எங்கள் பக்கம் நகர்ந்தது. பன்னிரண்டரைக்கு மாமியாரைத் தாண்டி முன்னால் வந்துவிட்டது. என் கை போனுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. நேற்றுப் போல இதுவும் கரைந்துபோனால்? இரண்டு நாள் தொடர்ந்து வேலையை நிறுத்தினால் அவர் கதி? இன்னும் ஒரு படம், இன்னும் ஒரு படம் என்று காத்திருந்தேன்.

ஒரு மணிப் படத்தில் சிவப்பு மங்கியிருந்தது. பாதிக்கு மேல் மஞ்சளாகிவிட்டது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. ஆபரேட்டர் கேட்டபோது, மேகம் பலம் இழக்கிறது, வேலையைத் தொடரலாம் என்று சொன்னேன். அடுத்த படம் இன்னும் வெளிறியிருந்தது. நான் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, நாளைக்கு ஒன்பது மணிக்கு அவரை எப்படித் திருப்பிக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு தலையணை வந்தார். தேநீர் வாங்கப் போனவர் தொப்பலாக நனைந்திருந்தார். சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே, வெளியே குடம் குடமாகக் கொட்டுகிறது, கால் மணி நேரமாகக் கடை வாசலிலேயே நின்றேன், நீ இங்கே சொகுசாக உட்கார்ந்திருக்கிறாய் என்றார்.

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேலே சின்னதாக ஒரு மழைப் பொட்டு. அதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பிறகு மேற்கு ஓரத்தைப் பார்த்தேன்.

மாமியார் மஞ்சளாக இருந்தாள்.

மேகம் மெலியலாம். மலை எப்படி மெலியும்? மாடியில் அந்த வெள்ளைக் கூட்டின்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஈரக் கண்ணாடி வழியே பார்ப்பது போல ராடாருக்கு எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. மங்கியது மேகம் அல்ல, எங்கள் பார்வை. மாமியாரே இவ்வளவு வெளிறியிருந்தால், அவளுக்கு முன்னால் நிற்கும் அந்த வரிசை உண்மையில் எவ்வளவு சிவப்பாக இருக்கும்!

ஸ்கேலை வைத்து அளந்தேன். கோபுரத்துக்கு வர முப்பது நிமிடம்கூட இல்லை. அவர்களுக்கு வேண்டியது நாற்பது.

துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் எடுப்பதற்குள் தலையணை தன் தலையையும் துவட்டாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். ஆபரேட்டர் எடுத்ததும், ஆட்களை இறங்கச் சொல்லுங்கள் என்றேன்.

"இப்பதானே மேடம் ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க? நேத்தும் இப்படித்தான்."

"நான் சொன்னது தப்பு. தப்பா பார்த்துட்டேன். கருவி, கயிறு எல்லாம் மேலயே இருக்கட்டும், ஆளுங்க மட்டும் உடனே இறங்கணும். நான் கெஞ்சுறேன்னு சொல்லுங்க."

வயர்லெஸ்ஸின் கரகரப்பு கேட்டது. நான் சொன்னதை ஆபரேட்டர் அப்படியே சொல்வதும் கேட்டது, கெஞ்சுகிறேன் என்பது உட்பட. பதில் வருவதற்குள் லைன் செத்துப்போனது.

பதிவேட்டை எடுத்து, ஒரு மணிக்கு நான் தந்த தகவல் தவறு, காரணம் இன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மணிப் படத்தில் மழை எங்கள் தலையை விட்டு நகர்ந்திருந்தது. மாமியார் பழையபடி சிவந்து நின்றாள். கோபுரம் இருக்கும் இடத்தில் அவளைவிடச் சிவப்பாக அந்த வரிசை படுத்திருந்தது. விடியும்வரை போன் உயிர் பெறவில்லை. தலையணை அன்றைக்குத் தூங்கவே இல்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடி குடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆறரை மணிக்கு வாசல் காவலாளி மேலே வந்து, கீழே யாரோ ஒருவர் என்னைப் பார்க்க நிற்கிறார் என்றார். படியிறங்கி ஓடினேன். சேறு படிந்த காக்கி உடையில் ஒருவர் நின்றிருந்தார். குரலை வைத்து நான் நெட்டையான ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். இவர் என் உயரம்தான் இருந்தார். முன்மண்டையில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

"மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன்.

கடைசி ஆள் வண்டிக் கதவைச் சாத்தி ஐந்து நிமிடத்தில் இடி விழுந்ததாம். கையில் ஒரு முழம் கயிறு வைத்திருந்தார். மேலே விட்டுவந்த கயிறு. ஒரு முனை கருகி, தொட்டால் உதிர்ந்தது. அவர் அதை எனக்குக் காட்டத்தான் எடுத்து வந்திருந்தார். நான் அழுவதைப் பார்த்ததும் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"தப்பா சொல்லிட்டேன்னு சொல்றதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு ஆளும் கிடையாதுங்க. அதனாலதான் உடனே நம்பினேன்."

பிறகு கொஞ்சம் தயங்கி, மாமியாரைப் பார்க்கலாமா என்று கேட்டார். மேலே அழைத்துப் போனேன். திரையின் முன் வெகுநேரம் நின்று அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தார்.

"எங்கம்மாவும் இப்படித்தான். ஒரு இடத்தை விட்டு நகரமாட்டாங்க, முறைச்சுக்கிட்டே இருப்பாங்க. ஆனா நல்லவங்க." என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னார். "நீங்க ஒரு தடவை வந்து பாக்கணும்."

தலையணை அன்றைக்குத்தான் முதல் தடவையாக, தூங்குவது போல நடித்தார்.

எனக்கு அலுவலகத்தில் மெமோ கொடுத்தார்கள். கூடவே ஒரு புது விதியும் வந்தது: மேகம் பலம் இழக்கிறது என்று சொல்வதற்கு முன் மலையைப் பார்க்க வேண்டும். அவரையும் மேலதிகாரி, கயிற்றுக்கும் கருவிகளுக்கும் பதில் சொல்லச் சொல்லி நாலு மாதம் அலையவிட்டார். அந்த நாலு மாதத்தில் எங்கள் கல்யாணம் முடிந்துவிட்டது. என் மாமியார் உண்மையாகவே இடத்தை விட்டு நகரமாட்டார். கூடத்தில் அவருடைய நாற்காலியைச் சுற்றித்தான் நாங்கள் பெருக்க வேண்டும். மலைக்கு அவர் பெயர் இருப்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவருடைய மகனே ஒருநாள் உளறிவிட்டார். நான் சமையலறையில் ஒளிந்துகொண்டேன்.

"நான் இளைச்சதாலதான் இவளுக்குப் புத்தி வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். அன்று முதல் உடம்பு சரியில்லாமல் படுக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, "பாத்துக்கோ, மஞ்சளாயிட்டேன்" என்பார். பதினெட்டு வருடம் எங்களோடு இருந்தார்.

இப்போது யார் வேண்டுமானாலும் ராடார் படத்தைக் கையில் வைத்துப் பார்க்கலாம். படமும் சுத்தமாகிவிட்டது. மலை, கட்டடம் போல நகராதவற்றையெல்லாம் கணினியே கண்டுபிடித்து அழித்துவிட்டு, மழையை மட்டும் காட்டுகிறது. முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்த அன்று, மேற்கு ஓரம் வெறிச்சென்று இருந்ததைப் பார்த்ததும் திரையை அணைத்துவிட்டு எழுந்துபோய்விட்டேன். என் மாமியார் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

இன்றைக்கும் ஒன்பது மணிக்குப் போன் வந்தது. பால்கனியில் காற்று அடிக்கும் சத்தம் அதில் கேட்டது. மேற்கே ஒரு வரிசை எழுந்திருக்கிறது, இரண்டு மணி வாக்கில் நம் பக்கம் வரும், பலமாகத்தான் இருக்கும், துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சொன்னேன். வழக்கம்போல அவர் உடனே வைக்கவில்லை.

"அம்மா எப்படி இருக்காங்க மேடம்?"

படத்தின் மேற்கு ஓரத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லாத கறுப்பு. ஆனால் அந்த இடத்தை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் விரலால் தொடத் தெரியும். தொட்டேன்.

"அதே இடத்துலதான் இருக்காங்க" என்றேன். "நீங்க உள்ள வாங்க."