ரஸ்க் சாப்பிடவில்லை

ஒரு பீகிள் நாய் சாப்பிடாமல் கிடக்கிறது என்று யாராவது வந்து சொல்லியிருந்தால், போன வாரம் வரைக்கும் ஏஞ்சலம்மாள் சிரித்திருப்பாள். வேறு எந்தக் கதையை வேண்டுமானாலும் சொல்லு, இதை மட்டும் என்கிட்ட சொல்லாத என்றிருப்பாள். வளர்த்தவளுக்குத் தெரியாதா நாயைப் பற்றி?

பீகிள் என்றால் வேட்டை நாய் வம்சம். முயலை மோப்பம் பிடித்துக்கொண்டு காடுமேடெல்லாம் ஓடுவதற்கென்றே பிறந்தது. பம்பாய்த் திலக் நகரில், இரண்டாம் மாடியில், ஒரு ஹால் ஒரு பெட்ரூம் வீட்டில் அதற்கு முயல் எங்கே கிடைக்கும்? அதனால் கிடைத்ததையெல்லாம் முயலாகப் பாவித்தது. கணவர் லாசருக்கு எடுத்து வைத்த ஞாயிற்றுக்கிழமை மட்டன், கிறிஸ்துமஸுக்குச் சுட்ட அச்சுமுறுக்கு, எதிர்வீட்டுப் பார்வதியம்மாள் வாசலில் பொங்கிக்கொண்டிருந்த இட்லிமாவு எல்லாம் அதன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. மாவு தின்ற அன்று ராத்திரி முழுக்க வயிறு ஊதிக் கிடந்தது. அப்போதுகூட விடிந்ததும் தட்டைத்தான் தேடியது.

மகள் ஜெனி மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டு வந்த குட்டி அது. நிறத்தைப் பார்த்து ரஸ்க் என்று பேர் வைத்தாள். பேர் வைத்ததோடு அவள் வேலை முடிந்தது. காலையில் எட்டுப் பத்து லோக்கல் ரயிலுக்கு ஓடுகிறவள் நாயை எங்கே பார்ப்பாள்? பீ அள்ளினது, குளிப்பாட்டினது எல்லாம் ஏஞ்சலம்மாள்தான். தொங்குகாது நாய்க்கு மழைக்காலத்தில் காது நாறும். வாரம் இரண்டு தரம் பஞ்சு வைத்துத் துடைக்க வேண்டும். "பெத்த பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு பார்க்கல" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் துடைப்பாள். ஒரு வாரம் தவறினது கிடையாது.

பழக்கினதும் அவள்தான். முதலில் ஒரு டிரெய்னர் வந்தான். சிட், ஸ்டே என்று நாலு நாள் இங்கிலீஷில் அதட்டினான். ஐந்தாம் நாள் ரஸ்க் அவன் பேன்ட் பாக்கெட்டைக் கிழித்து, உள்ளே இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டது. அதோடு அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சரி, நம்ம கையாலேயே பார்ப்போம் என்று ஏஞ்சலம்மாள் இறங்கினாள். தெருவில் மோப்பம் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்கிற நாயிடம் கத்தி என்ன பிரயோஜனம்? முந்தானையில் ஒரு துண்டு பொம்பில் கருவாடு முடிந்து வைத்திருப்பாள். முடிச்சை லேசாக அவிழ்த்தால் போதும், ராஜா திரும்பி வந்து காலடியில் உட்கார்ந்துவிடுவார்.

சாப்பாட்டுக்குத்தான் ஒரு மாசம் பிடித்தது. வீட்டில் சாப்பிட உட்காரும்போதே மேஜைக்குப் பக்கத்தில் அதன் கிண்ணத்தையும் வைப்பாள். அது பாயும். உடனே கிண்ணத்தை மேலே தூக்கிவிடுவாள். மறுபடி வைப்பாள், மறுபடி பாயும், மறுபடி தூக்குவாள். அது அடங்கி உட்காருகிறவரை இதே கூத்து. ஒரு மாசத்தில் கிண்ணம் மூக்குக்கு நேரே இருந்தாலும், வாயிலிருந்து எச்சில் நூல் தரைவரை தொங்கினாலும், ரஸ்க் அசையாமல் உட்கார்ந்திருக்கும். லாசர் ஜெபம் பண்ணி முடித்து எல்லாரும் சாப்பாட்டில் கை வைக்கிறபோது அதுவும் வாய் வைக்கும். பதினோரு நொடியில் கிண்ணம் காலி. வருகிறவர்களையெல்லாம் உட்காரவைத்து இந்த அதிசயத்தைக் காட்டாமல் அவள் அனுப்பினதில்லை.

லாசருக்குத்தான் இதில் கொஞ்சம் நஷ்டம். உரக் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். முன்னெல்லாம் சாப்பாட்டு ஜெபத்தில் மிஷனரிகள், மந்திரிகள், மழை, ரயில்வே என்று ஒருத்தரையும் விடமாட்டார். ரஸ்க் வந்த பிறகு, அது படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து, ஜெபம் நாலு வரிக்குச் சுருங்கிவிட்டது. ஜெனிக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

இப்போது ஜெனிக்குச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை டேனிக்குப் பெங்களூரில் வேலை. திங்கட்கிழமை காலை அவளும் கிளம்பிவிடுவாள். ஊரிலிருந்து பதினெட்டுப் பேர் வந்து இறங்கப்போகிற வீட்டில், பலகாரம் அடுக்கி வைத்த வீட்டில், மோப்ப நாயை எப்படி வைத்துக்கொள்வது? ரயிலில் அரை மணி தூரத்தில், நெருளில் உமைரா என்று ஒரு பெண், வீட்டின் கீழ்த்தளத்தில் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். கடையநல்லூர்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது பம்பாய். நாய்களோடு இருக்க ஒரு உடுப்பு, தொழுகைக்கு ஒரு உடுப்பு என்று தனித்தனியாக வைத்திருக்கிற சுத்தக்காரி. புதன்கிழமை சாயங்காலம் ரஸ்க்கை அவளிடம் விட்டு, மூன்று பக்கத்துக்கு எழுதின தாளையும் கொடுத்துவிட்டு வந்தாள் ஏஞ்சலம்மாள்.

வியாழக்கிழமை மத்தியானம் உமைரா போன் பண்ணினாள். "ஆன்டி, காலையில இவன் சாப்பாட்டைத் தொடல. புது ஜாகாதானே, டென்ஷன் எடுக்காதீங்க."

ராத்திரியும் அதே கதை. வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் மட்டும்தான் குடித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, வயிறு நன்றாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் குளுக்கோஸ் ஏற்றலாம் என்று சொல்லிப் போயிருந்தார். "கிண்ணத்து முன்னாடி உக்காந்து என் மூஞ்சியையே பாக்குறான் ஆன்டி. எச்சி ஒழுகுது. ஆனா சாப்பிட மாட்டேங்கிறான்" என்றாள் உமைரா.

ஏஞ்சலம்மாள் போனை வைத்துவிட்டு மறுபடி கல்யாணப் பூவைக் கட்ட உட்கார்ந்தாள். மகள் போகப்போகிறாள். இந்த வீட்டில் இனி தன் காலைச் சுற்றிவர மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான். அதுவும் பட்டினி கிடந்து ஏதாவது ஆகிவிட்டால்? யாரிடம் சொல்வது? நாளைக்குப் பெண்ணுக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நாய்க்கு அழுகிறாளே என்று ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். பூவைக் கட்டுகிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பந்தி. ஹாலில் பாய் விரித்துப் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். பிரியாணி பரிமாறியாயிற்று. பாஸ்டர் ஐயா எழுந்து நின்று ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தால் சாமானியத்தில் முடிப்பவர் அல்ல. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஏஞ்சலம்மாளுக்கு மட்டும் கண் மூடவில்லை. கல்யாணத்துக்கு வந்த சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து, கையைத் தட்டுக்கு மேலே வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணைத் திறந்து பாஸ்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஐயா "ஆமென்" என்றார். மூன்று கையும் ஒரே நேரத்தில் பிரியாணிக்குள் போயிற்று.

ஏஞ்சலம்மாள் கையிலிருந்த தயிர்ப்பச்சடிக் கரண்டி அப்படியே நின்றது.

ஐயோ என் தங்கமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் என்ன நினைத்திருந்தாள்? தன் பொறுமையால், தன் கண்டிப்பால் நாய் காத்திருக்கப் பழகிவிட்டது என்று. அது காத்திருந்தது ஜெபம் முடிவதற்கு. கிண்ணத்தில் அதை அவள் வாய் வைக்கவிட்டது எப்போதும் ஆமெனுக்குப் பிறகுதானே? அங்கே நெருளில் யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லாத சாப்பாட்டை அது எப்படித் தின்னும்?

ஜெனியை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். ஜெனிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "போம்மா. ஆறு மணிக்கு டேனி வீட்டுக்காரங்க வந்துருவாங்க. அதுக்குள்ள வந்திரு."

வாசலில் லாசர் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டார். "நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம், தெரியுமுல்லா?"

"தெரியும். போயிட்டு உடனே வாரேன்."

"போ. அங்க போய் ஜெபத்தை நீட்டிட்டு நிக்காத. அவன் தாங்க மாட்டான்" என்றார்.

வீட்டுச் செருப்போடு ஸ்டேஷனுக்கு ஓடி, பன்வேல் லோக்கலில் ஏறி, நெருளில் இறங்கியபோது மணி மூன்றே கால். ரஸ்க் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அவள் குரலைக் கேட்டதும் அது போட்ட ஊளையில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"எழுதிக் குடுத்தேனேம்மா, எல்லாத்தையும் படிச்சியா?" என்று கேட்டாள் ஏஞ்சலம்மாள். திட்டுவதற்காக அல்ல, சும்மாதான் கேட்டாள்.

உமைரா முகம் சிவந்துவிட்டது. "ஆன்டி, எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்கத் தெரியாது. வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாள்களை ஏஞ்சலம்மாள் எடுத்துப் பார்த்தாள். காது துடைக்கிற விதம் இருந்தது, கருவாடு இருந்தது, இடி இடித்தால் கட்டிலுக்கடியில் ஒளியும் என்பதுகூட இருந்தது. ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. படித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

கிண்ணத்தை வைத்தார்கள். ரஸ்க் உட்கார்ந்து அவளைப் பார்த்தது. ஏஞ்சலம்மாள் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த வாயில்லாத பிள்ளைக்குக் குடுத்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், ஆமென்" என்றாள். கண்ணைத் திறப்பதற்குள் கிண்ணம் பாதி காலி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். உமைராவும் அழுதாள்.

கிளம்பும்போதுதான் ராத்திரிச் சாப்பாடு ஞாபகம் வந்தது. நாளைக்கு, நாளைக் கழித்து யார் ஜெபிப்பது? தொழுகிற வீட்டுப் பிள்ளையிடம் போய் இதை எப்படிக் கேட்பது? அவள் தயங்குவதைப் பார்த்து உமைராவே சொன்னாள். "நான் எங்க மாதிரி துவா கேட்டுக்குறேன் ஆன்டி. ஆண்டவன் கேப்பான். இவன் கேப்பானான்னுதான் தெரியல."

ஐந்தரைக்கு ஏஞ்சலம்மாள் வீட்டில் இருந்தாள். ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எட்டு மணிக்கு, எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு போட்டோ வந்தது. நக்கித் துடைத்த காலிக் கிண்ணம். அதற்குப் பிறகுதான் அவள் பெண்ணைப் பெற்றவள் மாதிரி சிரித்துப் பேச ஆரம்பித்தாள். கல்யாணம் ஒரு குறையில்லாமல் நடந்தது.

திங்கட்கிழமை காலையில் ஜெனியையும் டேனியையும் ரயிலேற்றிவிட்டு, ஊர்க்காரர்களை அனுப்பிவிட்டு, ரஸ்க்கைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. மத்தியானம் இரண்டு தட்டு, ஒரு கிண்ணம். ஜெனியின் நாற்காலியை இரண்டு பேரும் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

லாசர் ஜெபித்தார். நாலாவது வரியில் மகள் பேர் வந்தது. அதையே இன்னொரு தரம் சொல்லிவிட்டு, "ஆமென்" என்றார்.

ரஸ்க் அசையவில்லை. கிண்ணத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது.

"ஆமென்" என்று ஏஞ்சலம்மாளும் சொன்னாள். இன்னொரு தரம் சொன்னாள். எச்சில் ஒழுகியதே தவிர, வாய் வைக்கவில்லை. "என்னல இது, மறுபடியுமா?" என்றார் லாசர். கண் நிறைந்திருந்தது அவருக்கு. மனைவி பார்க்கிறாளே என்று இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

ரஸ்க் கிண்ணத்துக்குள் பாய்ந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏஞ்சலம்மாள் உடனே நெருளுக்குப் போன் போட்டாள். "ஏம்மா உமைரா, நீ அவனுக்கு எப்படி ஜெபம் பண்ணுன?"

"ஏன் ஆன்டி, எங்க மாதிரிதான். கையைத் தூக்கி துவா கேட்டு, ஆமீன் சொல்லி, ரெண்டு கையாலயும் மூஞ்சியைத் தடவிக்குவேன். கையை இறக்குறப்பதான் கிண்ணத்துல வாய் வைப்பான். ஆறு வேளையும் அப்படித்தான் சாப்பிட்டான். ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. நல்லா இருக்கான்" என்று சொல்லி வைத்தாள் ஏஞ்சலம்மாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். லாசருக்கும் தாங்கவில்லை. ஐந்து நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சோற்றை நிம்மதியாகப் பிசைந்து சாப்பிட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு லாசர் ஆமென் சொன்னார். இரண்டு பேரும் கையை உயர்த்தி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ரஸ்க் சாப்பிட்டது.

"ஞாயித்துக்கிழமை பாஸ்டர் ஐயா சாப்பிட வாராரே. பார்த்துட்டுக் கேட்டா என்ன சொல்ல?" என்றாள்.

லாசர் ஜெனியின் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்து, அதில் காலை நீட்டிக்கொண்டார். "பிள்ளையைக் கட்டிக்கொடுத்த வீடு, முகத்தைத் துடைச்சிக்கிடுதோம்னு சொல்லு."