ஓடுகிறவன் குரல்

பதிமூன்று முறை சொல்லியாயிற்று. திரையில் அந்த இந்திப் பட நாயகன் மழையில் நனைந்தபடி மொட்டை மாடி விளிம்பில் நின்று, தன்னைப் பொய்க் கேசில் மாட்டிவிட்டவனுக்கு போனில் சவால் விட்டுக்கொண்டிருந்தான். ஃபேன்கூடப் போடக் கூடாத சின்ன டப்பிங் அறையில், வியர்வையில் நனைந்தபடி, கிளி அவனுக்காகத் தமிழில் சவால் விட்டுக்கொண்டிருந்தான். வசனத்தில் குறையில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டைரக்டரம்மா ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கினாள்.

"கிளி, நீ கத்துற. அவன் கத்தல. செய்யாத கொலைக்கு ஒம்பது வருஷம் உள்ள கெடந்துட்டு தப்பிச்சு ஓடி வந்தவன், அவனுக்கு ஏது கத்துறதுக்குத் தெம்பு? அப்புறம் கடைசில அவன் வாய் இன்னொரு தடவ அசையுது பாரு. அங்க நீ சும்மா நிக்குற. எதையாவது போட்டு நிரப்பு."

கிளி என்பது அவன் பெயரல்ல. யார் பேசினாலும் அச்சாக அப்படியே திருப்பிப் பேசுவான் என்பதால் ஒட்டிக்கொண்டது. எட்டு வருடமாக அந்த ஸ்டுடியோவில் கூட்டத்தில் கூச்சல் போடுகிறவனுக்கும், 'யெஸ் சார்' சொல்லும் கான்ஸ்டபிளுக்கும், குத்துப்பட்டுச் சாகிறவனுக்கும் அவன்தான் குரல். ஒரே படத்தில் ஏழு தடவை செத்திருக்கிறான். குரலும் உதடும் அரை நொடி பிசகினால் போதும், எல்லோருக்கும் முன்னால் அவன் காது கண்டுபிடித்துவிடும். இருந்தும் நாயகனுக்குப் பேச யாரும் கூப்பிட்டதில்லை. வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்ற செய்தி வந்தபோது அவன் பட்ட சந்தோஷத்தை வெளியில் சொன்னால் வெட்கக்கேடு.

பதினாலாவது தடவை அவன் எதையும் யோசிக்கவில்லை. களைத்துப்போய் வாயைத் திறந்தான். வந்தது வேறொருவர் குரல். லேசாக மூக்கில் உரசிக்கொண்டு, அவசரமே இல்லாமல், கடைசி வார்த்தைக்கு முன்னால் நின்று ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளும் குரல்.

"நீ எங்க இருந்தாலும் வருவேன்... என்னப்பா."

டைரக்டரம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "இவ்வளவு நாளா இத எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த?" என்று மைக்கில் கேட்டாள். படம் முழுக்க அதே குரல்தான் வேண்டும் என்றாள். அந்த 'என்னப்பா'வும் வேண்டும் என்றாள்.

எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்பது கிளிக்குத் தெரியும். இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவன் ஒரு கிடங்கில் சரக்கு எழுதிக்கொண்டிருந்தான். அங்கே ஸ்டோர்கீப்பராக இருந்தவரின் குரல் அது. எந்த வாக்கியத்தையும் 'என்னப்பா' போட்டுத்தான் முடிப்பார். அவரைப் போலவே பேசிக்காட்டி, அவரையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருக்கிறான் கிளி. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அங்கேயே லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவன் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், போனை நீட்டி, "ரெண்டு நிமிஷ வேலடா, அவர் மாதிரி பேசு" என்றான். கிளி வாட்ச்மேனுக்கு போன் போட்டான். "கேட்டப் பூட்ட வேணாம், நீ வீட்டுக்குப் போய் சாப்ட்டுட்டு வா... என்னப்பா" என்றான். நாலு சுருள் செம்புக் கம்பியை ஏற்றிக்கொண்டு போவார்கள், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தான். தடயம் தெரியாமலிருக்க மச்சான் வைத்த தீயில், மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்த சுமைதூக்கும் ஆள் ஒருவன் கருகிப்போனான்.

வாட்ச்மேன் கோர்ட்டில் சத்தியம் செய்தான். "ஆறு வருஷமா கேக்குற குரலுங்க. என்னப்பான்னு சொன்னாருங்க. அவரேதான்." ஸ்டோர்கீப்பருக்கு ஆயுள் தண்டனை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கிளி அதைக் கேட்டான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனான். ஒவ்வொரு முறையும் இன்று எழுந்து சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பிப் போவான். உட்கார்ந்தவன் கோர்ட் கலையும்போதுதான் எழுந்திருப்பான்.

அப்புறம் பதினோரு வருடம். ஐந்து மாதத்துக்கு முன், சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன கைதி தப்பி ஓட்டம் என்று, அவர் பெயரோடு, பேப்பரில் நாலு வரி வந்தது. கிளி அந்தப் பக்கத்தைக் கிழித்து, மடித்து, அலமாரி விரிப்புக்கு அடியில் வைத்தான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது. எல்லாம் தெரிந்தும் படம் முழுக்க அந்தக் குரலில் ஏன் பேசினான்? டைரக்டரம்மா எழுந்து நின்றாள். எட்டு வருடத்தில் அவனுக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் டிவியில் வந்தது. மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே பார்த்தாள். அது தன் புருஷன் குரல் என்று பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. திடீரென்று கை நின்றது.

"ஏங்க, இந்தக் குரல நான் எங்கயோ கேட்டிருக்கேங்க."

"நான்தானே பேசுறேன்."

"இல்ல, அதுக்கு முன்னாடி."

அதற்குள் மச்சானிடமிருந்து போன். கிளி பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். "உனக்குப் பைத்தியமாடா? ஊர் பூரா கேக்குதுடா! உன்னால அப்படிப் பேச முடியும்னு நீயே டிவில காட்டிட்டியேடா!" என்றான் மச்சான். பதினோரு வருடத்தில் மச்சான் பயந்து அவன் பார்த்ததில்லை.

அந்த வாரத்திலேயே 'என்னப்பா' ஊரெல்லாம் பரவிவிட்டது. பஸ்ஸில் ஒருவன் சில்லறை கொடுத்துவிட்டுச் சொன்னான். கிளி திரும்பிப் பார்த்தால் முன்பின் தெரியாத யாரோ. பிறகு யார் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு, உன்னைப் பார்க்க யாரோ வந்திருக்கிறார்கள் என்றார்கள். ஸ்டுடியோவின் முன்னறையில், ஜன்னலோரமாக, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டில் முன் பெஞ்சில் பார்த்த அதே முதுகு. திரும்பிய முகம்தான் கிழடு தட்டியிருந்தது. ஸ்டோர்கீப்பரின் மனைவி.

"தம்பி, நீங்களா? இங்கதான் வேலையா? நல்லதாப் போச்சு. தெரிஞ்ச முகம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் ஓடிப்போனது உங்களுக்குத் தெரியும் இல்ல? உயிரோட இருக்காரான்னுகூடத் தெரியாம கெடந்தேன். ஞாயித்துக்கிழம டிவியப் போட்டா, அவர் பேசுறாரு. அவரேதான் தம்பி. முப்பது வருஷமா கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? ஒளிஞ்சு மறைஞ்சு இங்க வந்து பேசிக் குடுத்துட்டுப் போறாரோன்னு..."

கிளியிடம் சொல்வதற்கு உண்மை ஒன்றுதான் இருந்தது. 'அது நான்' என்ற இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால் அந்த மத்தியானத்து போனையும் சொன்னதாகிவிடும்.

"நான் போலீசுக்கெல்லாம் போக மாட்டேன். வந்தாரா இல்லயா, அது மட்டும் சொல்லுங்க. நீங்க ஒருத்தர்தான் எல்லா வாய்தாவுக்கும் வந்தீங்க. உள்ள பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. அந்தப் பையன் மனசு யாருக்கு வரும்னு."

கிளியின் கண் கலங்கியது. வேஷமில்லை, உண்மையாகவே கலங்கியது. அப்படிக் கலங்கிக்கொண்டே அவன் சொன்னான்: "வந்தாரு அக்கா. ரெண்டு நாள் வந்து பேசிட்டுப் போனாரு. நல்லாத்தான் இருக்காரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவனை நம்பியவள் பார்வையாக இல்லை.

"அந்த என்னப்பா இருக்கே தம்பி," என்றாள் மெதுவாக. "கோவம் வந்தா அது அவர் வாயில வராது. பிரியமா இருக்கும்போது மட்டும்தான் வரும். சினிமால மெரட்டும்போது வந்துச்சு பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, பேசுறது வேற ஆளுன்னு."

கைப்பையைத் திறந்து ஒரு போனை எடுத்து, திரை மேலே தெரியும்படி மேஜையில் வைத்தாள். ஏற்கெனவே யாருடனோ பேச்சில் இருந்தது போன். பதினோரு நிமிடம் நாற்பது வினாடி. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

"யார் அதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு. நீங்களா இருக்கும்னு நான் சொல்லல. அவர மாதிரி பேசிக் காட்டுவீங்கன்னு தெரிஞ்சும் அவரும் சத்தியமா நெனக்கல. வந்தாருன்னு பொய் சொன்னீங்களே, அப்பதான் புரிஞ்சுது." ஸ்பீக்கரை அழுத்தினாள். "ஒரே ஒரு தடவ, அன்னிக்கு வாட்ச்மேன்கிட்ட சொன்னத சொல்லுங்க. அவர் கேக்கணுமாம்."

கிளி வாயைத் திறந்தான். எட்டு வருடம் ஊர்க் குரலையெல்லாம் சுமந்த தொண்டை அது. காற்று மட்டும் வந்தது. போனில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. மூக்கில் லேசாக உரசிக்கொண்டு, இடையில் ஒரு நொடி நின்று, மறுபடி வந்தது அந்த மூச்சு.

ஜன்னலுக்குக் கீழே சந்தில் ஒரு லாரி பின்னால் வர ஆரம்பித்தது. பீப், பீப் என்று அதன் எச்சரிக்கைச் சத்தம். கிளி அதைக் கேட்டான். அரை நொடி தள்ளி, உதடு ஒட்டாத வசனம் மாதிரி, அதே சத்தம் மேஜை மேலிருந்த போனுக்குள்ளிருந்தும் கேட்டது.