கித்தே குதசாய்

கோட்டும் சட்டையும் தைக்கும் அந்தக் கம்பெனியில் மாதிரி உடுப்பு தைப்பவளுக்கு ஒரே ஆசை: ஜப்பானில் ஒரு வருடத் தையல் பயிற்சி. இருப்பதோ ஒரே இடம். ஆளைத் தேர்ந்தெடுக்க அங்கிருந்து ஓர் அம்மாள் நேரில் வருகிறார் என்று தெரிந்ததும், சாப்பாட்டு இடைவேளைகளில் போனில் ஜப்பானிய மொழிப் பாடம் கேட்கத் தொடங்கினாள்.

பெயர்ச்சொல் எல்லாம் சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. வினைச்சொல்தான் படுத்தி எடுத்தது. 

"ரெண்டும் 'கிரு'தான்க்கா," என்றாள் பட்டன் தைக்கும் அக்காவிடம். "ஒரு கிரு போட்டுக்கிறது. இன்னொரு கிரு வெட்டுறது. ரெண்டும் வேற வேற வகை."

"நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லு. முதலாளி முன்னாடி ஒரு வகை, நம்ம முன்னாடி ஒரு வகை."

"கேளேன்க்கா. மரியாதையாச் சொல்ல எதுக்கும் கடைசியில 'குதசாய்'. போட்டுக்கோங்கன்னா 'ரு' போயிடும், நேரா 'தே' ஒட்டிக்கும். வெட்டுங்கன்னா 'தே'க்கு முன்னாடி ஒரு இடறல்."

"வர்றவங்க முன்னாடி நீ இடறாம இருந்தா சரி."

விதி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கோளாறு நோட்டில். 'கிதே' என்று எழுதினால் 'விதை'யில் வரும் த மாதிரி மெத்தென்று ஆகிவிடுகிறது. அழுத்தம் வேண்டி 'கித்தே' என்று எழுதினாள். வெட்டச் சொல்வதும் 'கித்தே'தான். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே சட்டை. சிரிக்காதீர்கள் கண்ணுகளா, நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள்.

அம்மாள் வந்தார். மேனேஜருக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல் 'அரிகாதோ', அதாவது நன்றி. நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவரே, நன்றி சொன்னதும் அவரே.

மாதிரி தைப்பவள் இரண்டு வாரம் உழைத்துத் தைத்த சாம்பல் நிறக் கோட்டை இரு கைகளாலும் நீட்டினாள். "கித்தே குதசாய்," என்றாள், போட்டுப் பாருங்கள் என்ற நினைப்பில்.

அம்மாள் திடுக்கிட்டு ஏதோ கேட்டார்.

"ஹாய்," ஆமாம் என்று சொல்லி, இடுப்பு வரை குனிந்தாள். அவள் நிமிர்வதற்குள் அம்மாள் மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கோட்டின் இடது கையைத் தோளிலிருந்து முழங்கை வரை பிளந்துவிட்டார்.

"அரிகாதோ," என்றார் மேனேஜர், வேறு சொல் கிடைக்காமல்.

அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்தையலைத் தடவிப் பார்த்தார். வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படியே. ஒரு நூல் தொங்கவில்லை.

"பேசாம இரு. துணிச்சல்காரின்னு நெனச்சுக்கட்டும்," என்று பின்னாலிருந்து முணுமுணுத்தாள் பட்டன் அக்கா.

அவளால் இருக்க முடியவில்லை. கோட்டுப் போடுவதுபோல் கைகளை ஆட்டி, அதே சொல்லை இடறாமல் சொன்னாள். அம்மாளுக்கு விஷயம் புரிந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கோட்டை மடித்து அவளிடமே நீட்டி, இடறாமல் அதையே சொன்னார்.

நீயே போட்டுக்கொள் என்கிறார்! முடிந்தது கதை. வாடிய முகத்தோடு கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். கிழிசல் வழியே ரவிக்கை தெரிந்தது.

அம்மாள் விழித்தார். பிறகு தன் போனிடம் ஏதோ சொன்னார். அது தமிழில் பேசியது: "ஜப்பானுக்கு வாருங்கள் என்றேன். கோட்டைக் கழற்றலாம்."

அவர்கள் மொழியில் 'வா' என்பது எந்த விதிக்கும் அடங்காத வகையாம். ஆனால் 'வாருங்கள்' என்று சொல்லும்போது மட்டும் 'போட்டுக்கொள்ளுங்கள்' போலவே ஒலிக்குமாம்.

பட்டன் அக்காதான் கழற்றிவிட்டாள். "அங்க போய், கத்திரிக்கோல் இருக்கிற எடத்துல வாயத் தொறந்துடாதடி," என்றாள்.